உதவினால் மதிப்பெண் குறையும் என்றால் யார் உதவுவார்கள்?

பல்கலைக்கழகங்கள் வெளியிடும் தொலைநோக்கு அறிக்கைகளைத் தொழில் காரணமாக நான் அடிக்கடி படிக்க நேர்கிறது. வழவழப்பான தாள், புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து சிரிக்கும் மாணவர்களின் படம், கீழே கூடிக் கற்பது பற்றியும் பரிவோடு கற்பிப்பது பற்றியும் ஒரு வாசகம். உயர்கல்வியின் எதிர்காலம் இந்த இரண்டில்தான் இருக்கிறது என்று அநேகமாக எல்லா அறிக்கைகளும் சொல்கின்றன. எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் அறிக்கையை மூடிவைத்த கையோடு அதே நிறுவனத்தின் தேர்வு விதிமுறைகளை எடுத்துப் படிப்பது என் வழக்கம். எத்தனை நாள் வராவிட்டால் தேர்வு எழுத முடியாது, கட்டணம் கட்டத் தவறினால் என்ன ஆகும், மறுதேர்வுக்கு எத்தனை கையொப்பம் வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு நிறுவனம் தன் மாணவர்களை உண்மையில் என்னவாக நினைக்கிறது என்பதை அந்தப் பக்கங்கள் ஒளிக்காமல் சொல்லிவிடும்.

பரிவை நல்ல மனம் படைத்தவர்களின் குணமாக மட்டும் பேசிக்கொண்டிருக்கும்வரை எதுவும் மாறாது என்றே நினைக்கிறேன். அது கணக்கில் வர வேண்டும். மதிப்பெண் கணக்கில், நேரக் கணக்கில், பணக் கணக்கில்.

மதிப்பெண்ணை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒப்பீட்டுத் தரமுறை பல இடங்களில் இன்னும் இருக்கிறது. வகுப்பில் இத்தனை விழுக்காட்டினருக்கு முதல் தரம், இத்தனை விழுக்காட்டினருக்கு இரண்டாம் தரம் என்று முன்கூட்டியே பங்கு பிரித்துவிடுவார்கள். 60 பேரும் பாடத்தை முழுதாகக் கற்றுக்கொண்டாலும் 60 பேருக்கும் முதல் தரம் கிடைக்காது. இந்த ஏற்பாட்டில் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒரு கணக்கை விளக்கிச் சொன்னால், சொன்னவருக்கு நட்டம். நான் படித்த காலத்தில் எல்லாருக்கும் தேவைப்படும் நூலை நூலகத்தில் எடுத்தால், தேர்வுக்கு உரிய பக்கங்கள் மட்டும் நேர்த்தியாகக் கத்தரிக்கப்பட்டிருக்கும். கத்தரித்தவர்களில் சிலரை எனக்குத் தெரியும். விடுதியில் யாருக்காவது காய்ச்சல் என்றால் விடிய விடியக் கண்விழித்துப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். கணக்குத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை மாற்ற முடியும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1968இல் முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்துத் தரங்களை நிறுத்திவிட்டுத் தேர்ச்சியை மட்டும் பதியத் தொடங்கியது. இன்றும் அங்கே முதல் பருவத்தில் ஒரு பாடத்தில் தேறாவிட்டால் அது வெளியே கொடுக்கும் மதிப்பெண் பட்டியலில் ஏறுவதில்லை. அந்த இடத்தை யாரும் செல்லம் கொடுக்கும் கல்விக்கூடம் என்று சொல்லிவிட முடியாது. வந்து இறங்கிய புதிதில் ஒருவரையொருவர் எடைபோடாமல் பழக ஒரு பருவம் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் விதியாகவே.

மற்ற இடங்களில் நடப்பது என்னவென்றால், போட்டியை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் குழுப்பணியை ஒட்டவைக்கிறார்கள். ஐந்து பேர் கொண்ட குழு. ஒருவர் இரவெல்லாம் எழுதுவார், ஒருவர் படம் தேடுவார், ஒருவர் அச்செடுத்து வருவார், மற்ற இருவரின் பெயர் முகப்புப் பக்கத்தில் இருக்கும். ஐவருக்கும் ஒரே மதிப்பெண். இதைக் கூட்டுக் கற்றல் என்பது கண்துடைப்பு. உழைத்தவர் இனிமேல் குழுவே வேண்டாம் என்ற பாடத்தைக் கற்றுக்கொள்கிறார். பேச வாய்ப்புக் கிடைக்காமல் ஒதுங்கியவர் சோம்பேறி என்று பெயர் வாங்குகிறார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த நிபந்தனைகளில் இரண்டு இங்கே பொருந்தும். ஒருவரின் வெற்றி மற்றவரின் வெற்றியைச் சார்ந்திருக்க வேண்டும். அதே வேளையில் ஒவ்வொருவரும் தன் பங்குக்குத் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் குழு என்பது வருகைப்பதிவேட்டில் இருக்கும் பெயர்களாகச் சுருங்கிவிடும்.

என் வகுப்பில் குழு அறிக்கை கைக்கு வந்ததும் சீட்டுக் குலுக்கி ஒருவரை எழுப்புகிறேன். அறிக்கையின் எந்தப் பகுதியை வேண்டுமானாலும் அவர் விளக்க வேண்டும். அவருக்குக் கிடைக்கும் மதிப்பெண்தான் ஐவருக்கும். நன்றாகப் படிக்கும் மாணவர்கள் இது அநியாயம் என்று வாதாடுகிறார்கள். பெற்றோரும் கடிதம் எழுதுகிறார்கள். ஆனால் சீட்டு எடுக்கும் நாளுக்கு முந்திய மாலைகளில் நூலக வராந்தாவில், பின்தங்கிய மாணவருக்கு மற்ற நால்வரும் பாடம் நடத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். பாசத்தால் இல்லை என்று எனக்குத் தெரியும். பாசம் பிறகு வருகிறது. சில குழுக்களில் கடைசிவரை வருவதே இல்லை, அதனால் குடி முழுகிப்போய்விடவில்லை.

கூடிக் கற்பதைப் பற்றிப் பேசும்போது யூரி ட்ரைஸ்மன் என்ற கணிதப் பேராசிரியரை விட்டுவிட்டுப் போக முடியாது. 1970களில் அவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றுக்கொண்டிருந்தார்கள்; சீன அமெரிக்க மாணவர்கள் நன்றாகத் தேறினார்கள். காரணம் என்ன என்று கேட்டால் ஆசிரியர்களிடம் விடைகள் தயாராக இருந்தன. ஊக்கம் போதாது, அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஆதரவில்லை, வறுமை. ட்ரைஸ்மன் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இரு தரப்பிலும் 20 பேரைத் தேர்ந்து, அவர்கள் எங்கே, எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே போய்ப் பார்த்தார். தயாராக இருந்த விடைகள் எதுவும் தேறவில்லை. கறுப்பின மாணவர்கள் ஒழுங்காக, சொன்னபடி, தனியாகப் படித்தார்கள். சீன அமெரிக்க மாணவர்கள் தனியாகவும் படித்தார்கள், பிறகு கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டும் பார்த்தார்கள். ஒருவர் பிழையை இன்னொருவர் பிடித்தார். எல்லாருக்குமே வராத கணக்கு எது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தனியாகப் படித்தவருக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. தனக்கு வராத கணக்கு தனக்கு மட்டுமே வராத கணக்கு என்றுதான் அவருக்குப் படும்.

அடுத்து அவர் செய்ததை நான் ஒவ்வோர் ஆண்டும் புதிய ஆசிரியர்களிடம் சொல்வேன். பின்தங்கியவர்களுக்கு எளிமையான பாடம் நடத்தும் துணை வகுப்பை அவர் தொடங்கவில்லை. அப்படிப்பட்ட வகுப்புக்கு வருகிறவர் வாசலிலேயே தலையைக் குனிந்துகொள்வார். ட்ரைஸ்மன் சிறப்புப் பயிற்சி என்று அழைத்தார், வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார், குழுவாக உட்கார்ந்து போடச் சொன்னார். அதில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி கணிசமாக உயர்ந்தது. இரக்கப்பட்டுக் கேள்வியை எளிமையாக்குவதை நான் பரிவு என்று ஏற்பதில்லை. கடினமான கேள்வியைக் கொடுத்து, அதன் முன்னால் ஒருவரைத் தனியாக விடாமல் இருப்பது வேறு வகை மரியாதை.

உடன் படிப்பவரிடம் ஏன் அவ்வளவு நன்றாகப் புரிகிறது என்பதற்கு எரிக் மஸூர் சொல்லும் விளக்கம் எனக்குப் பிடிக்கும். அவர் ஹார்வர்டில் இயற்பியல் கற்பிப்பவர். மாணவர்கள் புகழ்ந்த ஆசிரியரும்கூட. 1990 வாக்கில் தன் மாணவர்களுக்கு ஓர் அடிப்படைக் கருத்துத் தேர்வு வைத்துப் பார்த்தார். கனரக வாகனமும் சிறிய காரும் மோதிக்கொண்டால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்ற வகைக் கேள்விகள். சூத்திரங்களைச் சரளமாகக் கையாண்ட மாணவர்கள் இவற்றில் திணறினார்கள். அவரும் பலகையில் விதவிதமாக விளக்கிப் பார்த்தார், முகங்கள் தெளியவில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்று சொல்ல, வகுப்பு சந்தைக்கடையானது. சில நிமிடங்களில் விடையும் பிடிபட்டது. பேராசிரியர் அந்தக் கருத்தைக் கற்று ஆண்டுக்கணக்காகிவிட்டது, அதில் எந்த இடம் இடறும் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். பக்கத்து இருக்கைக்காரர் சற்று முன்புதான் அங்கே இடறி எழுந்தவர்.

நன்னூல் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கால் பங்குதான் கைவரும், உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால், மீதிப் பாதி பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வரும் என்று பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டிலேயே பாயிரத்தில் பங்கு பிரித்து வைத்திருக்கிறார். நாம் கால் பங்குக்கு மட்டும் அரங்கம் கட்டி, அதில் எல்லா நாற்காலிகளையும் மேடையைப் பார்த்துத் தரையோடு முடுக்கிவைத்திருக்கிறோம். திரும்பிப் பேச வேண்டுமென்றால் கழுத்து சுளுக்கும்.

புள்ளிவிவரம் கேட்பவர்களுக்காக இரண்டு ஆய்வுகள். ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தோற்றார்கள். மாணவர்கள் தாமே ஈடுபட்டுச் செய்து கற்ற வகுப்புகளில் 21.8. (இதில் எல்லாமே குழுவாகக் கற்றவை என்று சொல்ல முடியாது.) 2020இல் எலி தியோபால்டும் குழுவினரும் இன்னொரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். இப்படிக் கற்பித்தபோது வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையில் தேர்வு மதிப்பெண்களில் இருந்த இடைவெளி 33 விழுக்காடு குறைந்தது. ஆனால் வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை இதற்கு ஒதுக்கிய இடங்களில்தான் பலன் தெரிந்தது. பெயருக்கு ஐந்து நிமிடம் செய்தால் பெயரளவுக்கே பலன். தலைக்கு நல்ல பயிற்சி, கூடவே நீங்களும் இந்த வகுப்புக்கு உரியவர் என்ற உணர்வு, இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்கிறது என்பது அவர்களின் கருதுகோள்.

இது இளநிலை மாணவர்களுக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. ஆராய்ச்சியின் உச்சியிலும் இதே கதைதான். இயற்பியலில் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையைத் துல்லியமாக அளந்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்கள் 5,154 பேர். 33 பக்கங்களில் 24 பக்கங்கள் பெயர்களுக்கே போய்விட்டன. தனி மேதையின் துறை என்று கருதப்படும் கணிதத்தில்கூட, 2009இல் திமத்தி கவர்ஸ் என்ற கணிதவியலாளர் ஒரு தீராத சிக்கலை இணையத்தில் எல்லார் பார்வைக்கும் வைத்து யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றார். சில வாரங்களில் வழி தெரிந்துவிட்டது. விடை பாலிமேத் என்ற கூட்டுப் புனைபெயரில் வெளிவந்தது. எனக்கு விடையைவிட அவர் வைத்த விதிகள்தான் சுவை. மரியாதையாகப் பேச வேண்டும். சிறிது சிறிதாக எழுத வேண்டும். முட்டாள்தனமான யோசனைகளுக்கும் வரவேற்பு உண்டு. அரைகுறையாக யோசித்தது என்ற பொருளில். கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற ஒருவர், அரைகுறை யோசனைக்கு இடமில்லாத கூட்டத்தில் நல்ல யோசனையும் வராது என்று கண்டுவைத்திருக்கிறார். எத்தனை கருத்தரங்க அறைகளில் இந்த விதியை மாட்டிவைக்கலாம்!

இப்போது மாணவர்கள் அரைகுறைக் கேள்விகளை எங்கே கேட்கிறார்கள் என்று பாருங்கள். நவம்பர் 2022இல் சாட்ஜிபிடி வெளிவந்தபோது கல்வி உலகம் முதலில் பார்த்த ஆபத்து காப்பியடிப்பு. அந்தக் கவலையில் நியாயம் உண்டு; வீட்டுக்கு எடுத்துப்போய் எழுதிவரும் கட்டுரையை வைத்து ஒருவரை அளப்பது இனிக் கடினம். ஆனால் என் மாணவர்கள் சொல்வதில் வேறொன்று என்னை உறுத்துகிறது. இயந்திரத்திடம் ஏன் போகிறீர்கள் என்று கேட்டால், ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்டாலும் அது முகம் சுளிக்காது என்கிறார்கள். அவர்கள் அறிவைத் தேடி மட்டும் அங்கே போகவில்லை. பொறுமையைத் தேடியும் போகிறார்கள். இயந்திரம் கெட்டது என்று நான் இதற்காகச் சொல்ல மாட்டேன். நம்மிடம் கிடைக்காததை அது கொடுக்கிறது. அது சொல்லச் சொல்ல மாணவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்பதுதான் சிக்கல். பவணந்தியார் கணக்கில் அது மறுபடியும் முதல் கால் பங்கு. தனக்கு விளங்கியதை விளங்காத இன்னொருவருக்குச் சொல்லும் பாதிப் பங்குக்கு, உண்மையிலேயே விளங்காத ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படி உட்கார வைத்துவிட்டால் போதுமா என்றால் போதாது. எந்தக் குழுவிலும் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார், இருவர் வாயே திறக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் பல்கலைக்கழகத்தில் தியோ கில்பர்ட் என்ற ஆசிரியர் இதைக் கற்பிக்கத்தக்க திறனாகவே எடுத்துக்கொண்டார். ஒருவர் பேச்சைப் பிடித்துவைத்துக்கொண்டால் மற்றவர்களின் பார்வை தம்மை அறியாமல் அவர் மீதே நிலைகுத்திவிடுகிறது. அதனால் அவர் இன்னும் பேசுகிறார். பார்வையை எல்லார் மீதும் பகிர்வது, பேசாதவரை மென்மையாக உள்ளே அழைப்பது, புண்படுத்தாமல் குறுக்கிடுவது என்று சின்னச் சின்ன செயல்களை மாணவர்களுக்குப் பழக்கினார். அடுத்த படிதான் துணிச்சலானது: அதற்கு மதிப்பெண்ணும் கொடுத்தார். பாடத்தைப் பற்றி நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதோடு, மற்றவர் சொல்ல நீங்கள் எப்படி இடம் கொடுத்தீர்கள் என்பதும் மதிப்பீட்டில் சேர்ந்தது. பரிவுக்கு மதிப்பெண்ணா, அது நடிப்பாகிவிடாதா என்று பலர் கேட்பார்கள். ஆகட்டுமே. மேடைப் பேச்சுக்கு மதிப்பெண் கொடுக்கும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. பழகப் பழகத்தான் எந்தத் திறனும் இயல்பாகிறது.

வகுப்பறையைவிட அலுவலகத்தில்தான் மாணவர்கள் அதிகம் உடைகிறார்கள் என்பது என் அனுபவம். ஒருமுறை, தந்தை இறந்த வாரத்தில் தேர்வு எழுதாத மாணவி ஒருவர், மறுதேர்வு கேட்டு மூன்று மேசைகளில் அதே கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று இடங்களிலும் இருந்தவர்கள் நல்லவர்கள், ஆறுதலும் சொன்னார்கள். படிவம்தான் அவரை மூன்று முறை சொல்ல வைத்தது. அந்தப் படிவத்தில் இரண்டு கையொப்பங்களை எடுத்துவிடுவது, பரிவு பற்றிய பத்துக் கருத்தரங்குகளுக்குச் சமம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் இதைப் பெரிய அளவில் செய்தது. ஒவ்வொரு பருவத்திலும் கட்டணத்தில் சிறு தொகை குறைகிறது என்பதற்காகவே பல மாணவர்கள் வகுப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். படிப்பில் ஒழுங்காக இருந்த, பட்டத்துக்கு நெருங்கிவிட்டவர்களும் அதில் உண்டு. 2011இல் தொடங்கிய சிறு உதவித்தொகைத் திட்டத்தில், தகுதியுள்ளவர்களைப் பல்கலைக்கழகமே பதிவேடுகளிலிருந்து கண்டுபிடித்து, விண்ணப்பம் கேட்காமல், குறைந்த தொகையை அவர்கள் கணக்கில் போட்டது. விண்ணப்பம் கேட்கவில்லை என்பதைத்தான் நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். கையேந்தத் தயங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். விண்ணப்பத்துக்குக் காத்திருந்தால் அவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

இதே தரவு வேறு கையில் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அதே நாட்டில் இன்னொரு பல்கலைக்கழகத்தின் தலைவர், படிப்பைப் பாதியில் விடக்கூடிய முதலாண்டு மாணவர்களை ஒரு கருத்துக்கணிப்பு மூலம் அடையாளம் காணத் திட்டமிட்டார். கைகொடுக்க இல்லை. அரசுக்குக் கணக்குக் கொடுக்கும் நாளுக்கு முன்பே அவர்களை வெளியேற ஊக்கப்படுத்திவிட்டால், தொடர்ந்து படிப்போரின் விழுக்காடு உயர்ந்து தெரியும் என்பதற்காக. 2016 தொடக்கத்தில் மாணவர் பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. அடுத்த சில வாரங்களில் தலைவர் பதவி விலகினார். இரண்டு இடங்களிலும் கேட்ட கேள்வி ஒன்றே: யார் விழப்போகிறார்கள்? விடை தெரிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கணினி சொல்லாது.

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது முழுமையாகாது, ஆனால் சுருக்கமாகவே சொல்கிறேன், நீட்டினால் புலம்பலாகிவிடும். ஒப்பந்தத்தில் இருக்கும் ஆசிரியருக்கு அடுத்த பருவத்தில் வேலை உண்டா என்பதே பருவம் தொடங்கும் வாரத்தில்தான் தெரியும். பதவி உயர்வுக்கு எண்ணப்படுபவை அவர் பெயரில் வந்த கட்டுரைகள். சக ஆசிரியரின் பாடக்குறிப்பைச் செம்மைப்படுத்தியதும் அழுதுகொண்டு வந்த மாணவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்ததும் எந்தப் பத்தியிலும் ஏறாது. மாணவர்கள் நூல் பக்கங்களைக் கத்தரித்ததற்கும் இதற்கும் அதிக வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கல்விக்குழுக் கூட்டத்துக்கு இரண்டு தீர்மானங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலாவது, முதல் பருவத்துக்கு ஒப்பீட்டுத் தரமுறையை நிறுத்த வேண்டும். இரண்டாவது, நெருங்கிய உறவினர் இறப்பு, மருத்துவமனைச் சேர்க்கை ஆகிய காரணங்களுக்கு மறுதேர்வு கேட்டால் ஒரே கையொப்பம் போதும். முதலாவதற்கு மூத்த பேராசிரியர்கள் தரம் கெட்டுவிடும் என்பார்கள். அதற்கான விடைகளைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். இரண்டாவதுதான் கடினம். மென்பொருளில் மூன்று கையொப்பங்களுக்கான கட்டங்கள் இருக்கின்றன, ஒன்றை வெறுமையாக விட்டாலும் கோப்பு நகராது என்று தேர்வுப் பிரிவில் இப்போதே சொல்லிவிட்டார்கள். மென்பொருளை எழுதியவர்களின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன்.